கூட்டிய உறுப்பும் கூடாத கணக்கும்

வெப்பப் பொறியியல் ஆய்வேடுகளின் வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும். "பூசினெஸ்க் தோராயம் போட்டிருக்கிறீர்கள், சரி. பாகுநிலை உராய்வால் பிறக்கும் வெப்பத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?" மாணவர் தடுமாறி, "அது ரொம்பச் சிறியது சார்" என்பார். "சிறியதானால் என்ன, சேர்த்துவிட வேண்டியதுதானே? கணக்குப் போடப்போவது கணினிதானே?" என்று அடுத்த கேள்வி வரும். ஆய்வேடு திருத்தப்படும், ஆற்றல் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் ஓர் உறுப்பு கூடும், எல்லாரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஆய்விதழ்களுக்கு அனுப்பும் கட்டுரைகளுக்கும் இதே கதிதான்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எளிமைப்படுத்துவது கணினி இல்லாத காலத்து இயலாமை, விட்டுப்போன உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கச் சேர்க்க மாதிரி உண்மையை நெருங்கும் என்பது அந்த நம்பிக்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்கை வெப்பச்சலனத்தில் அது தவறு. வெப்ப இயக்கவியலின் முதல் விதியிலேயே இடறும் தவறு. அந்த ஓர் உறுப்பை மட்டும் சேர்த்துக்கொண்ட ஆய்வேடு, சேர்க்காத ஆய்வேட்டைவிட மோசமானது என்பதே என் கட்சி.

எதைப் பற்றிய வழக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடான சுவரை ஒட்டிய காற்று விரிந்து இலேசாகி மேலே போகிறது. குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்று கனத்துக் கீழே இறங்குகிறது. விசிறி கிடையாது, பம்பு கிடையாது. இதைக் கணக்கில் பிடிக்க ஜெர்மனியில் ஓபர்பெக் 1879-இலும், பிரான்சில் ஜோசப் பூசினெஸ்க் 1903-இலும் ஒரே வழியைக் கண்டார்கள். அடர்த்தி மாறுவதை, அது புவியீர்ப்போடு பெருக்கப்படும் இடத்தில் மட்டும் கவனி. மற்ற இடங்களில் எல்லாம் அடர்த்தி மாறிலி என்று வைத்துக்கொள். பாய்மம் அமுங்காது, ஆனாலும் மிதக்கும். 1916-இல் ராலே, அடியில் சூடேற்றிய திரவப் படலம் எந்தக் கட்டத்தில் புரளத் தொடங்கும் என்பதை இந்த வழியில்தான் கணித்தார்.

இனி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இடச்சுவர் சூடு, வலச்சுவர் குளிர், மேலும் கீழும் வெப்பம் கடத்தாத தகடுகள், உள்ளே காற்று. ஓட்டம் நிலைபெற்றுவிட்டது, நேரத்தோடு எதுவும் மாறவில்லை. பெட்டிக்குள் மோட்டார் இல்லை, சுவர்கள் நகர்வதில்லை. ஆகவே சூடான சுவர் வழியே நொடிக்கு எவ்வளவு ஆற்றல் நுழைகிறதோ, குளிர்ந்த சுவர் வழியே அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

இப்போது தேர்வாளர் கேட்ட உறுப்பைச் சேர்ப்போம். உராய்வு வெப்பம் என்பது வேகச் சரிவுகளின் வர்க்கங்களால் ஆனது. அது எங்குமே எதிர்க்குறியாகாது. பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் வெப்பம் பிறக்கும். வெளியே போக ஒரே வழி குளிர்ந்த சுவர். எனவே உள்ளே நுழைந்ததைவிட வெளியே வருவது அதிகம் என்று கணினி விடை தரும். எந்த ஆற்றல் மூலமும் இல்லாமல் ஆற்றலைப் பெருக்கித் தரும் பெட்டி! நித்திய இயந்திரத்துக்கு யாராவது காப்புரிமை கேட்டு வந்தால் சிரித்துத் திருப்பி அனுப்புகிற நாம், அதே இயந்திரத்தை "கூடுதல் துல்லியம்" என்ற பெயரில் ஆய்வேட்டில் ஏற்றுக்கொள்கிறோம்.

விட்டுப்போனது எது? அழுத்த வேலை. மேலே போகும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போகிறது. போகும் வழியில் அது விரிகிறது. விரிவதற்கான வேலையைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுக்கிறது. கீழே இறங்கும் காற்று அமுக்கப்பட்டு அந்த வெப்பத்தைத் திரும்பப் பெறுகிறது. ஆனால் ஏறுவது சூடான காற்று, இறங்குவது குளிர்ந்த காற்று. ஆகவே கொடுத்ததும் பெற்றதும் சமமாவதில்லை. அந்த வித்தியாசம்தான் மிதப்பு விசை செய்யும் வேலை. அந்த வேலைதான் காற்றைச் சுழற்றுகிறது. சுழலும் காற்றின் உராய்வில் அதுவே மறுபடி வெப்பமாகிறது. வெப்பத்திலிருந்து எடுத்தது எவ்வளவோ அவ்வளவே வெப்பத்துக்குத் திரும்புகிறது. உராய்வு வெப்பத்தை மட்டும் சேர்ப்பவர், வரவை எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்தெறிந்த கணக்குப்பிள்ளை. இரண்டு பக்கத்தையும் எழுதாதவரின் பேரேடாவது மொத்தத்தில் சரியாக இருக்கும்.

இது என் கண்டுபிடிப்பல்ல. போர்ச்சுகலைச் சேர்ந்த கோஸ்டா 2005-இல் அடைப்புக்குள் நடக்கும் வெப்பச்சலனத்தை எடுத்துக்கொண்டு இதை வெளிப்படையாகவே எழுதினார். அதே ஆண்டில் பிரான்சின் போன்ஸ், லெ கேரே இருவரும் என்ட்ரோபிக் கணக்கின் வழியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இருபது ஆண்டுகளாகியும் தேர்வாளர்களின் கேள்வி மாறவில்லை.

இரண்டையும் சேர்க்க முன்வருபவர்களுக்கும் ஒரு குழி காத்திருக்கிறது. அழுத்த வேலையின் உறுப்பில் வெப்பநிலை ஒரு பெருக்குக் காரணியாக வரும். அது கெல்வினில், அந்தந்தப் புள்ளியின் வெப்பநிலையாக இருக்க வேண்டும். "கிட்டத்தட்ட 300 கெல்வின்தானே" என்று சராசரியைப் போட்டால், பெட்டி முழுவதுக்கும் கூட்டும்போது ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அந்த உறுப்பு சுழியாகிவிடும். உராய்வு வெப்பம் மட்டும் மிஞ்சும். பழையபடி நித்திய இயந்திரம்தான்.

உராய்வைச் சேர்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தேர்வாளர்மேல் கொஞ்சம் இரக்கமும் வருகிறது. அது தாங்குருளையிலிருந்தும் பிளாஸ்டிக் உருக்கும் இயந்திரத்திலிருந்தும் வந்தது. அங்கே எண்ணெயும் உருகிய பிளாஸ்டிக்கும் உராய்ந்து சூடேறுகின்றன. அந்தச் சூட்டை விட்டால் வடிவமைப்பே தவறும். ஆனால் அங்கே தண்டைச் சுழற்றும் மோட்டார் ஒன்று வெளியிலிருந்து வேலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இயற்கை வெப்பச்சலனத்தில் அப்படிக் கொடுப்பவர் யாருமில்லை. இங்கே இன்னொரு விந்தையும் உண்டு. உராய்வு வெப்பத்துக்கும் சுவர் கடத்தும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஓர் எளிய எண்ணால் அளக்கப்படுகிறது: புவியீர்ப்பு முடுக்கம், வெப்ப விரிவுக் குணகம், உயரம் மூன்றின் பெருக்கலை மாறா அழுத்தத் தன்வெப்பத்தால் வகுத்தால் கிடைப்பது. இதில் பாகுநிலை எங்கே? இல்லவே இல்லை. பாகு கூடினால் ஓட்டம் மந்தமாகும், அவ்வளவுதான். "எண்ணெய் கெட்டியானது, ஆகவே உராய்வு முக்கியம்" என்ற வாதம் இங்கே செல்லாது.

அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்போம். மூன்று மீட்டர் உயர அறையில், 300 கெல்வின் காற்றுக்கு அது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. சுவர் வழியே ஆயிரம் வாட் கடந்தால் மிதப்பு விசை செய்யும் வேலை அதிகம் போனால் 0.1 வாட். சரி, இத்தனை சிறியதைச் சேர்த்தால்தான் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சிறியதாகவே சேர்த்திருந்தால் ஒன்றும் முழுகாது. ஆனால் சிறியதாகச் சேர்த்தால் வரைபடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கட்டுரையில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே எக்கர்ட் எண், கெப்ஹார்ட் எண் என்று ஏதோவொரு பெயரில் அதை 0.1, 0.5, 1 என்று ஏற்றி, கோடுகளை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். காற்றில் அந்த எண் 1 ஆக வேண்டுமானால் பெட்டியின் உயரம் சுமார் 31 கிலோமீட்டர். 0.1 என்றாலும் மூன்று கிலோமீட்டர். அறை வெப்பநிலைத் தண்ணீரிலோ 1 என்பதற்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். நம் கடல்களின் அதிகபட்ச ஆழம் பதினொன்றைத் தாண்டாது. படத்தில் உள்ளங்கையகலச் சதுரம், பக்கத்தில் ஸ்ட்ராடோஸ்பியருக்குள் தலை நீட்டும் உயரத்துக்குரிய எண். பரிமாணமற்ற எண்களின் வசதி இதுதான்: மீட்டரை யாரும் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பில் சற்றுக் கூர்மையானவர்கள் வேறு வழியில் வருவார்கள். "பூசினெஸ்க் மாதிரியில் மிதப்பு விசை வேலை செய்கிறது, உராய்வு அதைத் தின்கிறது. வெப்பச் சமன்பாட்டுக்கோ இரண்டுமே தெரியாது. அப்படியானால் அந்த மாதிரியே ஆற்றல் அழிவின்மையை மீறுகிறதே?" இதை ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு விடை சொல்ல சுப்பிரமணியன் சந்திரசேகரிடம் போக வேண்டும். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே விண்மீன் சந்திரசேகர்தான். 1961-இல் வெளிவந்த, பாய்மங்களின் நிலைப்பாட்டைப் பற்றிய அவருடைய பெரிய நூல், அடியில் சூடேற்றிய படலத்தை விரிவாக ஆராய்கிறது. புரளல் தொடங்கும் கட்டத்துக்கு அவர் ஓர் ஆற்றல் விளக்கம் தருகிறார். மிதப்பு விசை விடுவிக்கும் ஆற்றலும் பாகுநிலை தின்னும் ஆற்றலும் சமப்படக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைச் சரிவு எதுவோ, அங்கேதான் சலனம் தொடங்கும். இரண்டு திடத் தகடுகளுக்கு நடுவே ராலே எண் 1,708-ஐத் தொடும் இடம் அது. கவனியுங்கள், இந்தச் சமநிலை பூசினெஸ்க் தோராயத்துக்கு உள்ளேயே துல்லியமாக நிற்கிறது. இயந்திர ஆற்றலுக்கு ஒரு கணக்கு, வெப்பத்துக்கு ஒரு கணக்கு. இரண்டும் தனித்தனியே மூடுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தொகை, வெப்பக் கணக்கின் அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதால் அங்கே எழுதப்படவில்லை. அதை எழுதினாலும் போனதும் வந்ததும் சரியாகிவிடும். விதிமீறல் எங்கே இருக்கிறது?

அந்தத் தொகை வெளியே எடுத்துச் செல்லப்படும் இடத்தில்தான் எழுத வேண்டிய கட்டாயம் வரும். ஸ்பெயினின் மன்சனாரெஸில் 1982 முதல் 1989 வரை ஒரு சூரியப் புகைபோக்கி இயங்கியது. 194.6 மீட்டர் உயரக் குழாய், அடியில் கண்ணாடியும் பிளாஸ்டிக் படலமும் வேய்ந்த பரந்த கூரை, குழாயின் அடியில் காற்றுச் சுழலி, 50 கிலோவாட் திறன். கூரைக்கடியில் சூடான காற்று குழாய் வழியே மேலேறும்போது சுழலியைச் சுற்றியது. நாம் பார்த்த அதே எண்ணை இந்த உயரத்துக்குப் போட்டால் 0.0063 வரும். காற்று வாங்கிய வெப்பத்தில் ஆயிரத்துக்கு ஆறு பங்குக்கு மேல் அந்தக் குழாயால் வேலையாக மாற்ற முடியாது. பல மேகாவாட் மின்சாரம் வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டர்க் கோபுரம் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்ததற்குக் காரணமும் இந்த எண்தான். மன்சனாரெஸில் சுழலி எடுத்த வேலை அங்கேயே உராய்ந்து வெப்பமாகித் திரும்பவில்லை. கம்பி வழியே வெளியே போனது. ஆகவே வெப்பக் கணக்கில் கழித்தாக வேண்டும். மூடிய பெட்டியில் கழிக்க என்ன இருக்கிறது?

இன்னொரு வகையினர் பாடப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து நம்புபவர்கள். "பூசினெஸ்க் மாதிரியில் திசைவேகத்தின் விரிவு சுழி. விரிவு சுழியென்றால் விரிதலுக்கான வேலையும் சுழி. அழுத்த வேலை என்ற பேச்சே வேண்டாம்" என்பார்கள். இந்தத் தர்க்கத்தை நேர்மையாகக் கடைசிவரை நடத்திப் பார்க்கட்டும். அக ஆற்றல் சமன்பாட்டிலிருந்து தொடங்கி விரிவை சுழியாக்கினால், வெப்பநிலைக்கு முன்னால் வந்து நிற்பது மாறாப் பருமன் தன்வெப்பம். காற்றுக்கு ஒரு டிகிரிக்கு, கிலோகிராமுக்கு 718 ஜூல். ஆனால் திறந்த அழுத்தத்தில் காற்றைச் சூடாக்க உண்மையில் 1,005 ஜூல் ஆகிறது. நாற்பது சதவீத இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும், நாம் சுழி என்று அடித்துவிட்ட விரிவு வேலைதான். விரிவு சிறியது என்பது உண்மை. ஆனால் அது பெருக்கப்படுவது வளிமண்டல அழுத்தத்தால், அதாவது ஒரு லட்சம் பாஸ்கலால். நிறைச் சமன்பாட்டில் தள்ளக்கூடிய அளவு, ஆற்றல் சமன்பாட்டில் தள்ள முடியாத அளவாகிவிடுகிறது. ஸ்பீகலும் வெரோனிஸும் வாயுக்களுக்கு இந்தத் தோராயத்தை 1960-இலேயே முறையாக வருவித்து, மாறா அழுத்தத் தன்வெப்பமே வரும் என்று காட்டிவிட்டார்கள். மாணவர்கள் பெரும்பாலும் சரியான தன்வெப்பத்தையே போடுகிறார்கள். ஏன் அது சரி என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கத் தகுந்த கேள்வி இதுவல்லவா?

பூசினெஸ்க் தோராயம் குற்றமற்றது என்று நான் வாதாட வரவில்லை. அது உடையும் இடங்கள் வேறு என்கிறேன். 1976-இல் கிரே, ஜோர்ஜினி இருவரும் அதன் எல்லைகளை அளந்தபோது, சாதாரண நிலையில் காற்றுக்கு ஏறத்தாழ 28 டிகிரி வெப்பநிலை வேறுபாடு வரை பத்து சதவீதப் பிழைக்குள் நிற்கலாம் என்று கண்டார்கள். தண்ணீருக்கு அந்த வரம்பு ஒன்றேகால் டிகிரி மட்டுமே. காரணம் உராய்வு வெப்பமல்ல. தண்ணீரின் பாகுநிலையும் விரிவுக் குணகமும் வெப்பநிலையோடு அத்தனை வேகமாக மாறுகின்றன. நான்கு டிகிரிக்கு அருகில் விரிவுக் குணகம் சுழியாகி, அதற்குக் கீழே குறியே மாறிவிடும். சூடான தண்ணீர் கீழே போகும். அங்கே நேர்கோட்டு விதியைப் போட்டவருக்கு ஓட்டத்தின் திசையே தப்பும்.

கதிர்வீச்சு இன்னும் பெரிய குற்றவாளி. அறை வெப்பநிலையில் இரண்டு சாதாரணச் சுவர்களுக்கு நடுவே கதிர்வீச்சு கடத்தும் வெப்பம், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஐந்தாறு வாட். அதே சுவரில் இயற்கை வெப்பச்சலனம் கடத்துவது மூன்று வாட்டைச் சுற்றி. பாதிக்கும் மேற்பட்டதை விட்டுவிட்டு, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்காக மாணவரை வறுத்தெடுக்கிறோம்.

இந்தத் துறையின் மூலக்கதையிலேயே இப்படியொரு நிகழ்ச்சி உண்டு. ராலே 1916-இல் கணக்குப் போட்டது, 1900-இல் பெனார் மெல்லிய திரவப் படலத்தில் கண்ட அறுகோண அறைகளை விளக்கத்தான். கணக்கு அருமையானது. ஆனால் பெனாரின் படலத்தை ஓட்டியது பெரும்பாலும் மிதப்பு விசையே அல்ல; திறந்த மேற்பரப்பின் பரப்பு இழுவிசை. பிளாக் 1956-இலும் பியர்சன் 1958-இலும் இதைக் காட்டினார்கள். ராலேயின் சமன்பாட்டில் எத்தனை சிறிய உறுப்புகளைத் திரும்பச் சேர்த்திருந்தாலும் இந்த விடை வந்திருக்காது. விட்டுப்போனது, யாரும் பட்டியலிலேயே வைத்திராத ஒரு விசை.

உராய்வு வெப்பத்தைச் சேர்த்தே ஆகவேண்டிய இடமும் உண்டு: நம் காலுக்கடியில். புவியின் மூடகம் 2,900 கிலோமீட்டர் தடிமன். அந்த ஆழத்துக்கு நம் எண் ஏறத்தாழ அரை. அங்கே உராய்வையும் அழுத்த வேலையையும் விட்டால் வெப்பநிலைப் படமே கோணலாகும். ஹெவிட், மெக்கென்சி, வைஸ் மூவரும் 1975-இல் ஒரு படி மேலே போய், மிக ஆழமான படலத்தில் உராய்வு வெப்பம், படலம் கடத்தும் வெப்பத்தைவிட அதிகமாகக்கூட இருக்கலாம் என்று காட்டினார்கள். முதல் விதிக்கு விரோதமாகத் தோன்றும்; இல்லை. அதே ஆற்றல் உள்ளேயே மறுபடி மறுபடி வேலையாகி, வெப்பமாகிச் சுற்றுகிறது, வெளியே போவதில்லை. அழுத்த வேலை சமன்பாட்டில் இருந்தால்தான் இந்தச் சுற்று மூடும். புவி இயற்பியலார் இரண்டு உறுப்புகளையும் சேர்த்தே எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் எழுதும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. "கணினி மலிந்துவிட்டது. தோராயமே வேண்டாம். முழு அமுங்கு பாய்மச் சமன்பாடுகளையும் தீர்த்துவிடலாமே?" தீர்க்கலாம். மூன்று மீட்டர் அறையில் பத்து டிகிரி வேறுபாட்டில் காற்றை ஓட்டும் அழுத்தம் சுமார் 1.2 பாஸ்கல். அது 1,01,325 பாஸ்கலின்மேல் உட்கார்ந்திருக்கிறது. முழு அழுத்தத்தையும் கணக்கில் சுமந்துகொண்டு, அதன் லட்சத்தில் ஒரு பங்கைப் பிழையில்லாமல் பிரித்தெடுக்க வேண்டும். அறைக் காற்று நொடிக்கு இருபது சென்டிமீட்டர் நகர்கையில், ஒலி 340 மீட்டர் ஓடுகிறது. கணினி ஒலியைத் துரத்துவதிலேயே பொழுதைக் கழிக்கும். இத்தனையும் செய்து கிடைக்கும் விடை, நாம் விட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடப் பெரிய எண்முறைப் பிழையோடு வரும். உலகெங்கும் மென்பொருள்களைச் சோதிக்க இன்றும் எடுப்பது, 1983-இல் டி வால் டேவிஸ் தந்த சதுரப் பெட்டி விடைகளைத்தான்: காற்று, ராலே எண் பத்து லட்சம், நசெல்ட் எண் 8.8. அது பூசினெஸ்க் விடை. உராய்வு வெப்பம் இல்லாத விடை. அதோடு ஒத்துப்போனால் மாணவரின் நிரல் சரி என்று ஒப்புக்கொள்ளும் அதே தேர்வாளர்தான், அடுத்த பக்கத்தில் உராய்வு எங்கே என்று கேட்கிறார்.

தீப்பிடித்த அறையில் வெப்பநிலை ஆயிரம் டிகிரியை நெருங்கும். அங்கே பூசினெஸ்க் உதவாது. அந்தச் சிக்கலை எடுத்துக்கொண்ட ரெமும் பாமும் 1978-இல் முழுச் சமன்பாட்டிடம் ஓடவில்லை. அடர்த்தியின் பெரிய மாற்றங்களை வைத்துக்கொண்டு, ஒலி அலைகளை வெளியே தள்ளினார்கள். வெப்ப இயக்கவியலுக்கு ஓர் அழுத்தம், ஓட்டத்துக்கு ஓர் அழுத்தம் என்று இரண்டாகப் பிரித்து, ஆற்றல் கணக்கு மூடும்படி எழுதினார்கள். அமெரிக்கத் தர நிறுவனம் 2000-இல் வெளியிட்ட தீ உருவக மென்பொருள் அந்த வகைச் சமன்பாடுகளின்மேல்தான் நிற்கிறது.